வெள்ளிக்கிழமை ஆல்பமும் எங்கள் வீட்டு ஒப்பாரியும்

வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு மேல் உங்கள் வீட்டுப் பிள்ளை தூங்காமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பரீட்சையையும் மார்க்கையும் நினைத்து உடனே பதறிவிடாதீர்கள். பன்னிரண்டு அடித்ததும் புது ஆல்பம் வரும். அதற்குத்தான் இந்தக் காவல்! எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக இது நடக்கிறது. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுக்குப் பிடித்தது ராக், ஆல்டர்னேட்டிவ் என்று சொல்லப்படும் வெளிநாட்டுப் பாட்டுகள்.

"அது ஏண்டி வெள்ளிக்கிழமை? பூஜை நாளா அவங்களுக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன். அதற்கும் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் புது இசைத்தட்டு இங்கிலாந்தில் திங்கட்கிழமை வரும், அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை வரும். ஒரு நாட்டில் வெளியான பாட்டு, மறுநாள் அடுத்த நாட்டில் கடைக்கு வருவதற்குள் திருட்டுத்தனமாகப் பரவிவிடும். இந்தத் தொல்லைக்காகத்தான் 2015 ஜூலை 10-ம் தேதி முதல் உலகம் பூராவுக்கும் வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொண்டார்கள்.

நமக்குப் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டுதானே! நான் வளர்ந்த காலத்தில் டேப் ரிக்கார்டரும் காஸெட்டும்தான். ஒரு காஸெட்டில் இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் இன்னொரு படம் இருக்கும். ராக் குழுக்காரர்கள் செய்வது வேறு மாதிரி. அவர்களே எழுதி, அவர்களே மெட்டுப் போட்டு, அவர்களே வாசித்து, எட்டோ பத்தோ பாட்டுகளை வரிசைப்படி கோத்து ஒரு ஆல்பமாக வெளியிடுகிறார்கள். 1948-ல் அமெரிக்காவில் எல்.பி. தட்டு வந்த பிறகு, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் கிடைத்ததால் வந்த வழக்கம் இது. பெரிய கம்பெனிகளின் வியாபாரப் போக்கை விட்டு விலகி, சின்னக் கம்பெனிகளிலும் கல்லூரி ரேடியோக்களிலும் வளர்ந்த ராக்குக்கு ஆல்டர்னேட்டிவ் என்று பேர் வந்தது. நடுவில் ஒரு பாட்டை மட்டும் பிடுங்கிக் கேட்டால் என் மகளுக்குக் கோபம் வந்துவிடும். "முதல்ல இருந்து கேளும்மா, தொடர்கதையை நடுவிலயா படிப்பே?" என்பாள். அதுவும் நியாயம்தான்.

ராத்திரி வேளையில் ஹெட்போன் மாட்டிக்கொள்வதால் காதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பெரியவர்கள் காது தாங்கும். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். 90 டெசிபல் ஆகிவிட்டால் வாரம் முழுவதற்கும் சேர்த்து 4 மணி நேரம்தான்! நம் மிக்ஸி சட்னி அரைக்கும் சத்தம் ஏறக்குறைய அந்தக் கணக்கில் வரும். அதைக் காதுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள். போனில் சத்தம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காதில் 'ஙொய்' என்று இரைந்தாலோ, நாம் கூப்பிட்டதற்கு "என்ன, என்ன?" என்று இரண்டு தடவை கேட்டாலோ காது டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2024 ஆகஸ்டில் என் அம்மா போய்ச் சேர்ந்தார். என் மகளை எடுத்து வளர்த்ததே அம்மாதான். ராத்திரி பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வது, தலை பின்னி விடுவது, பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி விடுவது, எல்லாம் அம்மாச்சிதான். சாவு வீட்டில் ஊரிலிருந்து வந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். "சின்னப் பொண்ணு பயந்துக்கும்" என்று சொல்லி அவளை உள்ரூமில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். அவள் அழவே இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் அழவில்லை. சாப்பாடு பாதி தட்டிலேயே இருக்கும். கேட்டால், "ஒண்ணுமில்லம்மா."

நவம்பர் 1-ம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, 'தி க்யூர்' என்ற இங்கிலாந்துக் குழுவின் புது ஆல்பம் வந்தது. 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' என்று பேர். தொலைந்துபோன ஓர் உலகத்தின் பாட்டுகள் என்று அர்த்தமாம். 2008-க்கு அப்புறம் பதினாறு வருஷம் கழித்து அவர்கள் கொண்டுவந்த ஆல்பம் அது. மொத்தமே எட்டுப் பாட்டுதான். முதல் பாட்டில் மூன்று நிமிஷத்துக்கு மேல் வெறும் வாத்தியம்தான் வருகிறது. பாடுகிறவர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்! எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "என்னம்மா இது, வீட்டுக்குள்ள ஒப்பாரி வச்ச மாதிரி?" என்றார். அப்போது ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் சும்மா இருப்பாரா? "விளக்கு வைக்கிற நேரத்துல சாவுப் பாட்டுக் கேட்டா வீட்டுக்கு ஆகுமா? முதல்ல அந்தக் காது மிஷினைப் பிடுங்கி வை" என்றார்.

நான் பிடுங்கவில்லை. அழாத பிள்ளை எதையோ கேட்கிறாளே, அது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டாமா? எனக்கு ஆங்கிலம் பள்ளிக்கூட அளவுதான். அவளையே பக்கத்தில் உட்காரவைத்து, "இவர் என்ன சொல்றார், சொல்லு" என்று கேட்டேன். ராபர்ட் ஸ்மித் என்பவர்தான் பாடி எழுதியவர். 1959-ல் பிறந்தவர். கண்ணில் மையும் உதட்டில் சிவப்புச் சாயமும் பூசி, தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டு நிற்பார். படத்தைப் பார்த்தால் நமக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் அம்மா, அப்பா, அண்ணன் என்று மூன்று பேரையும் பறிகொடுத்த மனிதர் எழுதிய பாட்டுகள் இவை. 'ஐ கேன் நெவர் ஸே குட்பை' என்ற பாட்டு அண்ணன் ரிச்சர்டுக்காக எழுதினது. "போயிட்டு வாறேன்னு அவரால சொல்லவே முடியலையாம்மா" என்று அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தவள், அதற்கு மேல் பேச முடியாமல் என் மடியில் தலையைப் போட்டு அழுதாள். மூன்று மாசத்து அழுகை! நாத்தனார் கூடத்திலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

எங்கள் வீட்டுக்காரர் கேலியாகச் சொன்ன வார்த்தைதான் எனக்குச் சரி என்று பட்டது. ஒப்பாரிதான் இது. கிடாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு ஆம்பளைகள் வைக்கிற ஒப்பாரி.

அதற்கப்புறம் நானே அவளிடம் கேட்டுக் கேட்டு வேறு சில ஆல்பங்களின் கதையையும் தெரிந்துகொண்டேன். நிக் கேவ் என்று ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர். 2015 ஜூலையில் இங்கிலாந்தில் பிரைட்டன் பக்கத்தில் பாறை உச்சியிலிருந்து விழுந்து அவருடைய மகன் ஆர்தர் இறந்துபோனான். பதினைந்தே வயசு. இரட்டைக் குழந்தைகளில் ஒருவன். பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும்! முழுக்க அந்தச் சாவுக்குப் பிறகு எழுதின முதல் ஆல்பம் 2019 அக்டோபரில் 'கோஸ்டீன்' என்ற பெயரில் வந்தது. அதில் இரண்டு பாகம். முதல் பாகத்துப் பாட்டுகள் குழந்தைகள், இரண்டாம் பாகத்துப் பாட்டுகள் அவர்களைப் பெற்றவர்கள் என்று அவரே விளக்கம் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டதும் அடுப்பில் வைத்திருந்ததை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். 2022-ல் இன்னொரு மகனும் போய்விட்டான். இருந்தும் 2024-ல் அவர் கொண்டுவந்த 'வைல்ட் காட்' ஆல்பத்தில் சந்தோஷம் என்ற பேரிலேயே ஒரு பாட்டு வைத்திருக்கிறார். 2018-லிருந்து முகம் தெரியாதவர்கள் அனுப்பும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதையும் ஒரு வேலையாக வைத்துக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் அவருக்கு எழுதினார்களாம்.

இப்படிச் சொல்வதால் எல்லா ஆல்பமும் நல்லது என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. காது கூசுகிற கெட்ட வார்த்தைகளும் நிறைய வரும். பாட்டின் பேருக்குப் பக்கத்தில் சின்னதாக 'ஈ' என்று ஆங்கில எழுத்துப் போட்டிருந்தால் அந்த மாதிரிப் பாட்டு என்று அர்த்தம். அந்த முத்திரை வந்ததே நம்மைப் போன்ற அம்மாக்களால்தான். 1985-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அரசியல்வாதிகளின் மனைவிமார் சேர்ந்து கிளப்பிய விவகாரம் அது. செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர், தன் பெண்ணுக்கு வாங்கிக் கொடுத்த இசைத்தட்டைக் கேட்டுத் திடுக்கிட்டுப்போய்ப் போராட்டத்தில் இறங்கினார். ஆனால் 'ஈ' எழுத்து கெட்ட வார்த்தையைத்தான் காட்டும். உங்கள் பிள்ளை மனசில் என்ன ஓடுகிறது என்று அது காட்டாது. தூக்கம் கெட்டு, சிநேகிதர்களை விட்டு விலகி, வாரக்கணக்கில் அப்படியே இருந்தால், பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திராமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இருந்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை பேசினாலும் அன்றைக்கே போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி 2022-லிருந்து இருக்கிறது. 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது 'ஃபூ ஃபைட்டர்ஸ்' என்ற அமெரிக்கக் குழுவின் கதைதான். அதை ஆரம்பித்தவர் டேவ் க்ரோல். முதலில் 'நிர்வாணா' என்ற குழுவில் டிரம்ஸ் அடித்தவர். அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1994-ல் இறந்ததும் குழுவே கலைந்துவிட்டது. துக்கத்தில் முடங்கினவர் கொஞ்ச நாளில் ஸ்டூடியோவுக்குப் போய், ஏறக்குறைய எல்லா வாத்தியத்தையும் தாமே வாசித்து ஒரு ஆல்பம் செய்தார். 1995-ல் வந்த ஃபூ ஃபைட்டர்ஸின் முதல் ஆல்பம் அதுதான்.

இவருடைய அம்மா வர்ஜீனியா ஒரு பள்ளி ஆசிரியை. புருஷனைப் பிரிந்து, ஒரு பெண்ணையும் ஒரு பிள்ளையையும் தனியாளாக வளர்த்தவர். வாத்தியார் சம்பளம் போதாமல் வேறு வேலைகளும் பார்த்தாராம். அவருடைய பிள்ளை பதினேழு வயசில், "படிப்பு வேண்டாம், டிரம்ஸ் அடிக்கப் போறேன்" என்று வந்து நின்றான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லிக் கொடுக்கிறவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் போக விட்டார். (நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்!) வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தம்மா ஒரு காரியம் செய்தார், பாருங்கள். தம்மைப் போலவே பாடகர்களைப் பெற்ற அம்மாக்களைத் தேடித் தேடிப் போய்ப் பேசி, 2017-ல் ஒரு புஸ்தகம் போட்டார். எமி வைன்ஹவுஸ் என்ற பாடகி இருபத்தேழு வயசில் இறந்துபோனாளே, அவளுடைய அம்மாவும் அதில் பேசியிருக்கிறார்.

2022 மார்ச்சில், கச்சேரிக்குப் போன கொலம்பியா நாட்டில், குழுவின் டிரம்ஸ்காரர் டெய்லர் ஹாக்கின்ஸ் ஐம்பது வயசில் திடீரென்று இறந்துபோனார். அதே வருஷத்தில் க்ரோலின் அம்மாவும் போய்விட்டார். கூடப் பிறக்காத தம்பியும் அம்மாவும் ஒரே வருஷத்தில்! 2023 ஜூன் 2-ம் தேதி 'பட் ஹியர் வீ ஆர்' என்ற ஆல்பம் வந்தது. அட்டை வெள்ளை வெளேர் என்று இருக்கும். ஹாக்கின்ஸ் உட்கார்ந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைக்காமல் டிரம்ஸை க்ரோலே வாசித்தார். ஒரு பாட்டில் அவருடைய மகள் வயலெட் கூடச் சேர்ந்து பாடுகிறாள். அம்மாவுக்கான பாட்டின் பேர் 'தி டீச்சர்'. பத்து நிமிஷம் ஓடுகிறது. மெதுவாக ஆரம்பித்து, இடி மாதிரி இடித்து, திரும்ப அடங்கி, கடைசியில் கரகரவென்று சத்தத்திலேயே மூழ்கிப்போகிறது. மாரடிக்கிற பெண்களின் கை ஓய்ந்து ஓய்ந்து எழும்புமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அதைக் கேட்டு முடித்த அன்றைக்கு என் மகள், "அம்மா, அம்மாச்சிக்கு அன்னைக்குப் பாடினாங்களே, அதை யாராவது ரிக்கார்ட் பண்ணினாங்களா?" என்றாள். சாவு வீட்டில் யார் ரிக்கார்ட் பண்ணுவார்கள்? உள்ரூமில் கதவு சாத்தியிருந்ததில் அவளுக்கு அரைகுறையாகத்தான் காதில் விழுந்திருக்கிறது.

பொங்கல் லீவுக்கு மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் சின்னம்மா வீட்டுக்குப் போனோம். அவர்தான் அன்றைக்கு ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தவர், அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. விஷயத்தைச் சொன்னதும், "நல்லா இருக்கிற வீட்டுக்குள்ள அதைப் பாடக் கூடாதுடி" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். சாயங்காலம் அவராகவே என் மகளைக் கூப்பிட்டு, வீட்டை விட்டுத் தள்ளித் தோட்டத்துக் கிணற்றடிக்கு நடத்திக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அக்காளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆரம்பித்தார். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூக்கைச் சிந்திக்கொண்டார். தோட்டத்தில் ஒரு மாடு கத்தியது. பதினோரு நிமிஷம். என் மகள் போனை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க, போட்டுக் காமி, குரல் நல்லா விழுந்திருக்கா பார்ப்போம்" என்றார்.