சத்தம் அடங்கிய வண்டி

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. வண்டியில் ஒரு புதுச் சத்தம் கேட்டால் உடனே இறங்கிப் பார்க்கிறவர்கள் ஒரு வகை. ரேடியோவைக் கொஞ்சம் உரக்க வைத்துக் கொள்கிறவர்கள் மற்றொரு வகை. நான் இரண்டாவது வகையைச் சேர்ந்தவன்.

என்னிடம் ஒரு பழைய மாருதி 800 இருந்தது. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியோடு தயாரிப்பை நிறுத்திவிட்டார்களே, அந்த வண்டி. நம்மைப் போன்ற எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார். எங்களுக்கும் அப்படியே.

ஒரு நாள் விழுப்புரத்தில் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில், மெக்கானிக் முன்சக்கரத்தின் உட்புறத்தை விரலால் வழித்து என் முகத்துக்கு நேரே காட்டினார். கறுப்பாகக் கிரீஸ்.

"ஆக்ஸில் பூட் கிழிஞ்சிருக்கு சார். இப்பவே மாத்திட்டா ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும்."

"மாற்றாவிட்டால் வண்டி ஓடாதா?"

"ஓடும். இன்னிக்கு ஓடும்."

அவர் 'இன்னிக்கு' என்பதை அழுத்திச் சொன்னார். 'ஓடும்' என்பதை மட்டும் நான் காதில் வாங்கிக் கொண்டேன். "சரி, அடுத்த மாதம் பார்ப்போம்" என்று கிளம்பிவிட்டேன்.

அந்தப் பூட் என்ன வேலை செய்கிறது என்று பின்னால் அவரே எனக்குப் பாடம் நடத்தினார். பழைய அம்பாஸடரில் வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். முன்சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான். மாருதியிலோ இரண்டு வேலையும் முன்சக்கரத்தின் தலையில். எஞ்சினின் சக்தியையும் வாங்க வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவர்களை நினைத்துக் கொள்ளுங்கள். நடக்க முடியாதவர் பார்வையில்லாதவரின் தோளில் ஏறி வழி சொல்லுவாராம். நடை ஒருவருடையது, திசை மற்றவருடையது. இரண்டையும் சேர்க்கிற தோள்தான் இங்கே ஆக்ஸில் ஜாயிண்ட்.

அந்த ஜாயிண்டுக்குள்ளே ஆறு எஃகுக் குண்டுகள் தத்தம் பள்ளத்தில் உருளுகின்றன. 1920-களில் ஆல்பிரட் ஷெப்பா என்ற அமெரிக்கப் பொறியாளர் கண்டுபிடித்த அமைப்பு அது. 1959-ல் இங்கிலாந்தில் வந்த மினி கார் அதைச் சாமானியர் வீட்டு வண்டிக்குக் கொண்டு வந்தது. குண்டுகள் உருள்வதற்குக் கிரீஸ் வேண்டும். கிரீஸ் சிந்தாமலும் தூசி புகாமலும் காப்பதற்கு ஆர்மோனியத் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. அதுதான் பூட். அது கிழிந்தால் சக்கரம் சுழலுகிற வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்கும். அந்த வழியாகவே மணல் உள்ளே போகும். மணலோடு கலந்த கிரீஸ் காப்பதை விட்டுவிட்டு அரைக்கத் தொடங்கும்.

ஆறு மாதம் அரைத்தது. வண்டியை முழுக்க ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் 'கட் கட்' என்று ஒரு சத்தம். நேராகப் போகையில் இராது. ஆகவே திருப்பம் வரும் இடங்களில் மட்டும் ரேடியோவை உயர்த்தினேன்.

பிறகு வண்டியை விற்றுவிடத் தீர்மானித்தேன். திருவாமாத்தூரிலிருந்து ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் கேட்டிருந்தார். மனைவியை மாதம் இரண்டு முறை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டுமாம். மறுபடியும் பட்டறைக்குப் போனேன்.

"ஜாயிண்டே போயிடுச்சு சார். ஆக்ஸிலோட மாத்தணும், நாலாயிரத்துக்கு மேல ஆகும்" என்றார் மெக்கானிக். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புதுப் பூட் போட்டு உள்ளே கிரீஸை நிறைய அடைச்சா, சத்தம் ஒரு மாசம் ரெண்டு மாசம் அடங்கியிருக்கும்" என்றும் சொன்னார்.

"அப்படியே செய்யுங்கள்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் ஸ்பானரை எடுத்தார்.

திருவாமாத்தூர் விழுப்புரத்துக்குப் பக்கத்து ஊர்தான். வண்டி பூனை மாதிரி போயிற்று. வாத்தியார் ஏறி உட்கார்ந்தார். தெருவில் இரண்டு முறை ஒடித்துத் திருப்பிக் காட்டினேன். சத்தமே இல்லை.

"குறை ஒண்ணும் இல்லையே சார்?" என்று கேட்டார்.

இதற்குப் பதிலை வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். "நேற்றுத்தான் பட்டறையில் விட்டுப் புதுப் பூட் போட்டுக் கொண்டு வந்தேன், ஐயா." ஒவ்வொரு சொல்லும் நிஜம்!

அவருக்குத் திருப்தி. "நல்ல காரியம், அம்மன் சந்நிதியிலே முன்பணம் கொடுத்திடறேன்" என்று கோயிலுக்கு அழைத்துப் போனார். அபிராமேசுவரரும் முத்தாம்பிகையும் எதிரெதிரே கோயில் கொண்ட தலம் அது. தேவாரம் பாடிய மூவரும் பாடியது. அம்மன் கோயிலில் வட்டப்பாறையைக் காட்டி, அங்கே யாரும் பொய்ச் சத்தியம் செய்யத் துணிய மாட்டார்கள் என்று சொன்னவர், வகுப்பில் சொல்லுகிற சுவாரசியத்தோடு கதையையும் சொன்னார்.

தம்பியின் பொருளை அபகரித்த அண்ணன் ஒருவன் பொன்னைத் தன் கைத்தடிக்குள் ஒளித்து வைத்தானாம். பாறையின் எதிரே வந்ததும், "இதைச் சற்றுப் பிடி" என்று தடியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, "பொருள் என்னிடம் இல்லை, தம்பியிடம்தான் இருக்கிறது" என்று சத்தியம் செய்தானாம். திரும்பும் வழியில் அவனைப் பாம்பு தீண்டிற்று.

"பாருங்க சார், அவன் சொன்னதிலே ஒரு வார்த்தை பொய் இல்லே!" என்று சிரித்தார் வாத்தியார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தபோது, "ஐயா, அந்த ஜாயிண்ட் போய்விட்டது. பூட்டை மாற்றியது சத்தத்தை மறைப்பதற்காக" என்று சொல்லிவிட்டேன். பக்தியா, பாம்புப் பயமா என்று கேட்காதீர்கள். வெளியே வரும்போது தரையைப் பார்த்துக் கொண்டுதான் நடந்தேன்.

வாத்தியார் வெகு நேரம் பேசவில்லை. "ராத்திரி நேரத்திலே அவளை வைச்சுக்கிட்டு நடுவழியிலே நின்னிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பிறகு, "மாத்திக் கொண்டு வாங்க. விலையிலே நான் ஒண்ணும் குறைக்கச் சொல்லலே" என்றார்.

மாற்றிக் கொடுத்தேன். மெக்கானிக் பழைய ஜாயிண்டைப் பிரித்துக் காட்டினார். பள்ளமெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தது. ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தப் பார்த்து நாலாயிரத்துச் சொச்சம் செலவழித்தேன். அது பெரிதில்லை. கிழிசலை அன்றே தைத்திருந்தால், ஒரு நல்ல மனிதரிடம் சொல்லுவதற்கு வழியெல்லாம் நிஜமான வார்த்தைகளைப் பொறுக்கிக் கொண்டு போயிருக்க வேண்டாம்.

இப்போது வேறு வண்டி வைத்திருக்கிறேன். அதில் ரேடியோ வேலை செய்யவில்லை. பழுது பார்க்கவும் இல்லை.