கையா, காலா, முழு உடம்பா?

அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒரு வீடு. சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, டி.வி. முன்னால் குடும்பமே குதித்துக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். வீடியோ கேமில் டான்ஸ்! அந்த வீட்டுப் பெண் போட்டிருக்கும் டி-ஷர்ட்டின் கழுத்துப்பட்டியில் 'மேட் இன் இந்தியா' என்று இருந்தால், அது நம்மூரில் தைத்ததாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. 2024-25ல் மட்டும் 39,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் திருப்பூர். உலகம் வேர்க்க விறுவிறுக்க ஆடுவதற்கு நாம் உடுப்பு தைத்துக் கொடுக்கிறோம். சரி, நாம் ஆடுகிறோமா?

2025 ஆயுத பூஜை கழிந்த வாரம் தங்கையிடமிருந்து போன். அவளும் மாப்பிள்ளையும் பதினைந்து வேலம்பாளையம் பக்கம் சின்னதாக ஒரு செக்கிங், பேக்கிங் யூனிட் நடத்துகிறார்கள். ஜாப் ஒர்க்தான்.

"அண்ணா, டி.வி.ல ஆடற கேம் ஒண்ணு வாங்கோணும். நெறைய தினுசு இருக்குதாமா. நீங்க பேப்பர்ல இருக்கறீங்களே, எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க."

பத்திரிகைக்காரன் என்றால் பாஸ்போர்ட் ஆபீஸ் முதல் பல்வலி வரை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. "யாருக்கும்மா?" என்றேன். "பாப்பாவுக்குத்தான்" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

பாப்பா ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆறாம் வகுப்பு வரைக்கும் மாரியம்மன் நோன்பி வந்தால் கும்மி வட்டத்தில் முதல் ஆள் அவள்தான். அந்த வருஷம் யாரோ ஒரு பையன் அவள் ஆடியதை செல்போனில் எடுத்து, கிண்டலாக ஒரு பாட்டை ஒட்டி ஸ்டேட்டஸ் போட்டுவிட்டான். தெரு முழுக்கப் பார்த்தது. அடுத்த நோன்பிக்குத் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அதற்கடுத்த வருஷம் யாரும் கூப்பிடவே இல்லை. "பெரிய பொண்ணாயிட்டா, இனி வூட்டோட இருக்கட்டும்" என்று அவள் அப்பத்தா சொல்ல, அதுவே சட்டமாகிவிட்டது. இப்போது அவளாகவே, "வீட்டுக்குள்ள ஆடற கேம் வாங்கித் தாங்கம்மா" என்று வாயைத் திறந்திருக்கிறாள். இரண்டு வருஷம் கழித்து வந்த சொல் அது. அதனால்தான் இந்த விஷயத்தை ஏதோ பொம்மை வாங்குகிற சமாச்சாரமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

விசாரித்தேன். டான்ஸ் கேம்கள் பார்க்க நூறு தினுசாக இருந்தாலும் அடிப்படையில் மூன்றே ஜாதி. ஒன்று உங்கள் காலைப் பார்க்கும். இன்னொன்று கையைப் பார்க்கும். மூன்றாவது, முழு உடம்பையும் பார்க்கும். நீங்கள் எதை வாங்கப் போனாலும் கடைக்காரரிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் காலைப் பார்க்கிற ரகம். 1998ல் ஜப்பானின் கொனாமி கம்பெனி கொண்டுவந்த 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்'தான் இதற்குத் தாத்தா. முதலில் விளையாட்டுக் கூடங்களில் பெரிய மெஷினாக வந்தது. மறுவருஷமே வீட்டுக்கு வந்துவிட்டது. கீழே ஒரு விரிப்பு, அதில் மேல், கீழ், இடது, வலது என்று நான்கு அம்புக்குறி. திரையில் அம்புகள் ஓடி வரும். எது எப்போது கோட்டைத் தொடுகிறதோ, அப்போது அதை மிதிக்க வேண்டும். நம் பாண்டி ஆட்டத்தை மின்சாரத்தில் விட்ட மாதிரி. கேலியாக நினைக்க வேண்டாம். பிள்ளைகள் குண்டாகிறார்கள் என்ற கவலையில், 2006ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் இதைத் தன் 765 அரசுப் பள்ளிகளுக்கும் கொண்டுபோகத் திட்டம் போட்டது.

இதில் ஒரு சௌகரியம், விரிப்புக்குக் கண் கிடையாது. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. டி.வி.யில் சொருகி ஆடுகிற சாதாரண விரிப்புகள் விலையும் குறைவு. அசௌகரியம்? மொசைக் தரையில் விரிப்பு வழுக்கும். குதித்தால் சத்தம் கீழ்வீட்டுக்குப் போகும். தங்கை வீடு மாடியில். கீழே குடியிருப்பவர் சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பகலெல்லாம் தூங்குகிறவர். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் தலைக்கு மேல் 'திம் திம்' என்றால் என்ன ஆகும்? காம்பவுண்டு வீட்டிலும் லைன் வீட்டிலும் குடியிருக்கிற ஊரில், காலால் ஆடுகிற கேமுக்கு அடுத்த வீட்டுச் சம்மதமும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது கையைப் பார்க்கிற ரகம். யூபிசாஃப்ட் கம்பெனியின் 'ஜஸ்ட் டான்ஸ்'. 2009ல் நிண்டெண்டோவின் வீ கருவிக்காக வந்தது. விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஜனங்கள் கோடிக்கணக்கில் வாங்கினார்கள். அதற்கப்புறம் வருஷம் தவறாமல் ஒன்று வந்துகொண்டிருக்கிறது. திரையில் ஒருவர் ஆடுவார். கண்ணாடியைப் பார்த்து ஆடுவது போல நீங்களும் ஆட வேண்டும். வலது கையில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. சில வகைகளில் உங்கள் செல்போனையே கையில் பிடித்துக்கொள்ளலாம். கை எப்படி, எந்த வேகத்தில் அசைகிறது என்பதை வைத்து மார்க் போடும். கால் என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. சேரில் உட்கார்ந்தபடி கையை மட்டும் சரியாக வீசினால்கூட மார்க் வரும்!

"அப்ப ஏமாத்தலாமா மாமா?" என்று பாப்பா கேட்டாள். ஏமாற்றலாம்தான். ஆனால் இதையே வேறு மாதிரியும் பார்க்கலாமே? முழங்கால் தேய்ந்து போன அப்பத்தாவும் சேரில் உட்கார்ந்து ஆடலாம். நம் கும்மியில் மட்டும் என்ன? தாளம் கைதட்டில்தானே இருக்கிறது!

மூன்றாவது, முழு உடம்பையும் பார்க்கிற ரகம். ராக் பேண்ட் கேம் செய்த ஹார்மோனிக்ஸ் கம்பெனி 2010ல் 'டான்ஸ் சென்ட்ரல்' கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கருவி, அதோடு கினெக்ட் என்கிற கேமரா. கையில் எதுவும் வேண்டாம், காலடியிலும் எதுவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசி, உங்கள் தோள், முழங்கை, இடுப்பு, முட்டி எல்லாம் எங்கே இருக்கின்றன என்று கணக்கெடுத்துவிடும். எந்தக் கை தப்பு, எந்தக் கால் தப்பு என்று திரையில் அந்த உறுப்பே சிவப்பாகிக் காட்டிக்கொடுக்கும். நிஜமாகவே ஆடக் கற்றுக்கொடுத்த கேம் இதுதான் என்று சொல்வார்கள்.

ஆனால் இடம் வேண்டும். ஒருவர் ஆட கேமராவுக்கு முன்னால் ஆறடி, இரண்டு பேர் என்றால் எட்டடி தள்ளி நிற்க வேண்டும். பீரோ, கட்டில், டைனிங் டேபிள், மூலையில் அனுப்ப வேண்டிய பேக்கிங் அட்டைப்பெட்டிகள் என்று இருக்கிற நம் ஹாலில் எட்டடி காலி இடத்துக்கு எங்கே போவது? தவிர, 2017லேயே கினெக்ட் தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் பழைய சரக்கு. ரிப்பேரானால் பாகம் தேடி அலைய வேண்டும்.

இதையெல்லாம் தங்கை வீட்டு ஹாலில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தேன். கேமரா என்ற வார்த்தை வந்ததுமே பாப்பா எழுந்து உள்ளே போய்விட்டாள். அது முக்கியமாகப் படம் பிடிக்க அல்ல, அசைவைக் கணக்கெடுக்கத்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் ஒரு செல்போன் கண்ணுக்கு முன்னால் அவமானப்பட்ட பிள்ளைக்கு அந்த வித்தியாசம் எப்படிப் புரியும்? அந்த ரகத்தை அப்போதே அடித்துவிட்டேன்.

மிச்சம் பணம். நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் முதல் போட்ட செலவு, நடப்புச் செலவு, தேய்மானம் என்றுதான் புத்தி போகும். பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டுக்கு 2021ல் வந்தபோதே 49,990 ரூபாய். நிண்டெண்டோ ஸ்விட்ச் நம்மூருக்குப் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்காக வருவதால் கடைக்குக் கடை விலை மாறும், வாரன்டியைக் கேட்டு வாங்க வேண்டும். அதோடு முடியாது. கேம் தனி. எல்லாப் பாட்டும் வேண்டுமென்றால் சந்தா தனி. இத்தனையும் எந்தக் காலத்தில்? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவிகிதம் வரி போட்டதில், பெரிய கம்பெனிகள் ஆர்டரை நிறுத்திவைக்க, ஜாப் ஒர்க் யூனிட்டுகள் பாதி நாள் சும்மா கிடந்த காலத்தில். ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்டுக்கே பீஸ் இல்லை.

"மச்சான், சனிக்கெழம சம்பளம் போடறதுக்கே முழி பிதுங்குது. இவ டான்ஸ் கேமுங்கறா" என்றார் மாப்பிள்ளை. அத்தை அதற்கும் மேலே போனார். "காசும் குடுத்து, டி.வி. முன்னால ஆடோணுமாக்கும்?"

நான் ஒரு யோசனை சொன்னேன். ஏற்றுமதிக் கம்பெனி எதுவும் சாம்பிள் ஓகே ஆகாமல் துணி வெட்டுவதில்லை. நாமும் முதலில் சாம்பிள் பார்ப்போம். 'ஜஸ்ட் டான்ஸ்' ஆட்டங்கள் ஏராளமாக யூ-டியூபில் கிடக்கின்றன. டி.வி.யில் போட்டு, பார்த்து ஆட வேண்டியதுதான். மார்க் வராது, அவ்வளவே. ஒரு மாசம் ஆடட்டும். முப்பது நாளில் இருபது நாள் ஆடினால், கருவி வாங்கலாம். இல்லையென்றால் காசு மிச்சம். தினமும் ஆடினால் 30,000 ரூபாய் கருவி இரண்டு வருஷத்தில் நாளைக்கு 41 ரூபாய். மூன்று வாரத்தில் பரணுக்குப் போனால் நாளைக்கு 1,400 ரூபாய்க்கு மேல். கருவியின் விலையை நிர்ணயிப்பது கடைக்காரர் இல்லை, ஆடுகிறவர்தான்!

காலண்டரில் ஆடின நாளில் ஒரு டிக் போடச் சொன்னேன். முதல் வாரம் ஹால் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஆட்டம். யாரும் உள்ளே வரக்கூடாது. செருப்பில்லாமல், குதிக்காமல், கீழ்வீட்டுக்காரர் எழுந்து டீ குடிக்கிற ஆறரை மணிக்கு மேல்தான். இரண்டாவது வாரம் ஒரு நாள் கதவு சாத்தவில்லையாம். தங்கை போய்ப் பக்கத்தில் நின்று ஆடியிருக்கிறாள். நாளெல்லாம் நின்றுகொண்டே பீஸ் செக் பண்ணுகிற பொம்பளை!

மாசக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் 23 டிக். மாப்பிள்ளை பேச்சு மாறவில்லை. "சரக்கு போனதும் வாங்கிடலாம் மச்சான்" என்றார். கையைப் பார்க்கிற ரகம்தான் என்று முடிவாயிற்று. பாப்பாவிடம் கேட்டேன், "கருவி வந்தா மார்க்கும் வரும், சந்தோஷமா?"

"மார்க்கு ஸ்கூல்லயே வருது மாமா. இங்க அது இல்லாம இருந்ததே நல்லா இருந்துச்சு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அப்பா பீஸ் கணக்கு, அம்மா ரிஜெக்ட் கணக்கு, பிள்ளை மார்க் கணக்கு. ஆடுகிற அரை மணி நேரத்தையும் கணக்கில் கொண்டுவந்து வைக்கத்தான் இத்தனை நாள் நான் மெனக்கெட்டிருக்கிறேனா? ஆனால் ஒன்று. கணக்கு வேண்டாமென்றால் அதைப் பார்க்காமல் ஆடலாம். முடிவு அவள் கையில் இருக்கட்டும்.

எனக்கு வேறொரு பயம் இருக்கிறது. அதை அத்தையிடமும் சொன்னேன். இந்தக் கேம் கதவைத் திறக்கிற சாவியாக இருக்க வேண்டுமே தவிர, "அதான் வூட்டுக்குள்ளயே ஆடறாளே" என்று வெளிக்கதவைச் சாத்துகிற தாழ்ப்பாளாகிவிடக் கூடாது. நம் வள்ளி கும்மியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அது ஆண்கள் ஆட்டம். கோவைப் பக்கத்து பத்ரப்பன் என்கிற பெரியவர் அந்த வழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 2024ல், 87 வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இன்றைக்குக் கொங்கு நாட்டு மைதானங்களில் ஒரே நிறச் சேலை கட்டி, காலில் சலங்கையோடு நூற்றுக்கணக்கில் ஆடுகிறார்களே, அவர்களில் பேரனைப் பார்த்த பாட்டிகளும் உண்டு. யார் செல்போனில் எடுத்தால் அவர்களுக்கென்ன? எல்லோரும் ஆடுகிற இடத்தில் யாரைத் தனியாகக் கிண்டல் பண்ண முடியும்?

"அந்த வட்டத்துல நீங்களும் நின்னா, பாப்பா வருவாளுங்க அத்தை" என்றேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது டான்ஸ் கேம் கேட்டால், விலையைக் கேட்பதற்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்கள். கீழே யார் தூங்குகிறார்கள்? எதை அளக்கிற கேம், கையா, காலா, முழு உடம்பா? ஆடுகிறவருக்கு யார் பார்த்தால் கூச்சம், யார் பார்க்காவிட்டால் வருத்தம்? கடைசிக் கேள்விக்குக் கடையில் பதில் கிடைக்காது. வீட்டில்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, ஒரு மாசம் இலவசமாக ஆடிப் பாருங்கள். முடிந்தால் நீங்களும் பக்கத்தில் நின்று ஆடுங்கள். கையை வீசினாலே போதும்!