மயிரிழைக் கோணல்

டொலீடோவில் நாங்கள் தேடிப்போன பட்டறை ரயில் பாதையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. ஒஹையோ மாநிலத்தின் இந்த ஊர் ஜீப் வண்டிகளுக்குப் பேர்போனது. பக்கத்து ஊரான மௌமீயில்தான் டானா நிறுவனத்தின் தலைமையகம். கிளாரன்ஸ் ஸ்பைசர் 1904-இல் தொடங்கிய யுனிவர்சல் ஜாயின்ட் கம்பெனி வளர்ந்துதான் டானா ஆனது. கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கடத்தும் டிரைவ் ஷாஃப்ட் வேலையில் ஊறிய கைகள் இந்த வட்டாரத்தில் கட்டாயம் இருக்கும் என்று நம்பித்தான், நண்பனின் 2012 மஸ்டாங் ஜிடியின் ஷாஃப்ட்டை மாற்ற மிச்சிகனிலிருந்து அதிலேயே வந்திருந்தோம்.

"அலுமினியம் போட்டா எடை பாதியாயிடும்டா மச்சான். எவ்வளவு வேகம் போனாலும் தாங்கும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

பட்டறையில் எங்களை எதிர்கொண்ட பெரியவர் நாற்பது வருடமாக இதே வேலையில் இருப்பவர். உலோகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. டயரின் உயரம் என்ன, டிஃபரன்ஷியல் ரேஷியோ என்ன, அதிகபட்சம் என்ன வேகத்தில் ஓட்டுவீர்கள், ஸ்பிரிங்கைத் தாழ்த்தியிருக்கிறீர்களா என்றுதான் கேட்டார். 27 அங்குல டயர், 3.73 ரேஷியோ, மணிக்கு 200 கிலோமீட்டர். சுவரில் தொங்கிய அட்டையில் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,800 தடவை சுற்றும்.

அந்த எண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது. நீளமான குழாய் வேகமாகச் சுற்றும்போது, ஒரு கட்டத்தில் ஸ்கிப்பிங் கயிறு போல நடுவில் வயிறு தள்ளும். அதற்கு மேல் போனால் முறுக்கிக்கொண்டு உடையும். நீளம் இரட்டிப்பானால் அந்த ஆபத்து வேகம் கால்பங்காகக் குறைந்துவிடும். கம்பெனி இந்த வண்டிக்கு இரண்டு துண்டு எஃகு ஷாஃப்ட்டைக் கொடுத்து, நடுவில் ஒரு பேரிங்கை வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதைக் கழற்றிவிட்டு ஒரே துண்டாகப் போடும்போது குழாயைப் பருமனாக்கியே தீர வேண்டும்.

அலுமினியத்தைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணமும் அங்கேதான் மாறியது. எஃகின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம். விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், அதே நீளத்துக்கும் பருமனுக்கும் எந்த உலோகத்தில் செய்தாலும் ஆபத்து வேகம் ஏறக்குறைய ஒன்றேதான். எடை கூடாமல் குழாயைப் பருமனாக்க இடம் தருகிறதே, அதுதான் அலுமினியத்தின் அருமை. கார்பன் ஃபைபர் இன்னும் நல்லது, ஆனால் விலை கையைக் கடிக்கும்.

மறுவாரம் வெல்டிங்கைப் பார்ப்பதற்காகவே லீவு போட்டுவிட்டுப் போனேன். 6061-டி6 அலுமினியக் குழாயின் இரு முனைகளிலும், ஜாயின்ட்டைப் பிடிக்கும் இரட்டைக் காதுக் கவையான யோக்கைப் பிரஸ்ஸில் ஏற்றினார். இரண்டு யோக்கின் காதுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். சாய்வாக ஓடும் யுனிவர்சல் ஜாயின்ட் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். முன்பக்கத்து ஏற்ற இறக்கத்தைப் பின்பக்கத்து ஜாயின்ட் சமன் செய்ய வேண்டுமென்றால் காதுகள் நேராக இருந்தாக வேண்டும். நான்கு இடத்தில் மட்டும் பொட்டு வைத்ததுபோல் டாக் அடித்தார். டயல் கேஜை வைத்து, உள்ளங்கையால் குழாயை மெல்ல உருட்டினார். முள் அசைந்த இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து, மர மேலட்டால் ஒரு தட்டு. மறுபடி உருட்டல், மறுபடி தட்டு. முள் நிலைகொள்ளும்வரை வெல்டிங் கன்னை அவர் தொடவே இல்லை. எஃகென்றால் பிறகு சூடு காட்டி நிமிர்த்தலாம், அலுமினியம் சூட்டில் வலுவிழந்துவிடும், அதனால் கோணலை இப்போதே எடுத்துவிட வேண்டும் என்றார்.

பாலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுற்றவிட்டபோது, ஒரு முனையில் ஆறு கிராம் குறைந்தது. ஒரு சிறு அலுமினியத் தகட்டை வெட்டி அங்கே ஒட்டவைத்தார். ஆறே கிராம்!

வண்டியில் பூட்டும்போதுதான் உண்மையான பிரச்சினை தெரிந்தது. முன்பு வேறொரு இடத்தில் ஸ்பிரிங்கைத் தாழ்த்தியபோது பின் ஆக்ஸிலின் சாய்வை யாரும் சரிபார்க்கவில்லை. நண்பன் மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்ட அதிர்வுக்கு அதுதான் காரணம். பெரியவர் வண்டியின் பாரம் சக்கரங்களில் இறங்கியிருக்கும்படி நிறுத்திக் கோணத்தை அளந்து, மேல் ஆர்மைத் திருகி ஒழுங்கு செய்தார். அதைச் செய்யாமல் போயிருந்தால் புது ஷாஃப்ட்டும் அதிர்ந்திருக்கும். பழியை அலுமினியத்தின் மேல் போட்டிருப்போம்.

ஃபிளாஞ்சும் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் அவர் வெள்ளைக் கோடு போட்டபோது எனக்கு நாமக்கல் ஞாபகம் வந்தது. சித்தப்பாவின் லாரியில் ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் மெக்கானிக் அண்ணன் இதே கோட்டைத்தான் போடுவார், இருந்தபடியே திரும்பப் பூட்டுவதற்கு. அவர் கற்றது லாரிக்கு அடியில், இவர் கற்றது இந்தக் கொட்டகையில்.

நெடுஞ்சாலையில் அவரே ஓட்டிப் பார்த்தார். ரேடியோவை அணைத்துவிட்டு, ஒரு கையைக் கியர் தடியின் மேல் வெறுமனே வைத்திருந்தார். நண்பன் வாயைத் திறக்கவில்லை. திரும்பியதும் வண்டியை மறுபடி லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, போல்ட்டுகளின் தலையில் போட்டிருந்த பெயின்ட் கோடுகள் நகர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.