நிறைந்த வளைவுகள்

கைப்பேசியில் வைஃபை வளைவுகள் நிறைந்திருந்தால் தொடர்பு செம்மையாக உள்ளது எனக் கொள்கிறோம். ரிப்பீட்டர் உள்ள இல்லங்களில் இஃது எப்போதும் உண்மையன்று. அவ்வளைவுகள் காட்டுவது கைப்பேசிக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள நெருக்கத்தையே. ரூட்டரிலிருந்து ரிப்பீட்டர் எவ்வளவு பெறுகிறது என்பதை அவை காட்டா.

என் தமக்கையார் வாழும் பழைய கல்வீட்டில் இதைக் கண்டேன். அவர் மகன் கப்பல் பணியாளன். துறைமுகம் சேரும் நாளில்தான் முகம் காட்டிப் பேசுவான். ரிப்பீட்டரைப் பொருத்தியவர், அலை எட்டாத பின்கட்டு அறையிலேயே அதை மாட்டிச் சென்றிருந்தார். (நோய் உள்ள இடத்திலேயே மருந்து என்று எண்ணினார் போலும்!) வளைவுகள் நிறைந்திருக்க, மகனின் முகமோ பாதிச் சொல்லில் உறைந்து நின்றது. அவனுக்கு என்ன நேர்ந்ததோ எனத் தமக்கையார் இரவெல்லாம் கலங்கினார்.

அதனைக் கழற்றி, ரூட்டருக்கும் அறைக்கும் நடுவே நடைக்கூடத்தில் மாட்டினோம். தடித்த சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நன்கு கடக்குமாதலால், ரூட்டரோடு அதிலேயே இணைத்தோம். அண்டை வீடுகளின் அலைகள் நெருக்கிய 6-ஆம் தடத்தை விடுத்து 11-க்கு மாற்றினோம். ஒரே தடத்தில் பெற்று அதிலேயே அனுப்புவதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. எனினும் அடுத்த துறைமுகத்திலிருந்து அவன் அழைத்தபோது முகம் உறையவில்லை. குறை முற்றிலும் தீர, ரூட்டரிலிருந்து அறைவரை கம்பிவடம் இழுக்க வேண்டும். கல்சுவரில் துளையிடத் தமக்கையார் இன்னும் இசையவில்லை.