பேய்கள் நடத்திய குடித்தனம்



சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் சுங்கை பினாங் வட்டாரத்தில் ஊதுவத்தி மணம் அடுக்குமாடி வீடுகள் வரை ஏறி வரும். பசியோடு வரும் ஆவிகளுக்காகச் சீனப் பெருமக்கள் மேடை அமைத்துக் கூத்தும் பாட்டும் நடத்துவர். முன்வரிசை நாற்காலிகளில் மனிதர் அமர்வதில்லை; அவை ஆவிகளுக்கு உரியவை. பேயை விரட்டாமல் விருந்தினராக அமர்த்தும் அப்பண்பைக் காணும்போதெல்லாம் எனக்குப் பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்று நினைவுக்கு வரும்.

‘தி மன்ஸ்டர்ஸ்’ என்பது அதன் பெயர். 1964 முதல் 1966 வரை அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 70 பகுதிகளாக ஒளியேறிய கறுப்பு வெள்ளை நகைச்சுவைத் தொடர். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாளில் தோழி ஒருத்தி கொண்டுவந்த குறுவட்டில்தான் அதை முதன்முதலாகக் கண்டேன். தட்டைத் தலையும் நெற்றித் தழும்புமாக ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தின் சாயலில் ஹெர்மன். இரத்தக்காட்டேரி குலத்து மனைவி லில்லி. அவளுடைய தந்தையான தாத்தா. ஓநாய்ச் சாயலில் மகன் எடி. ஹெர்மனுக்கு ஈமச்சடங்கு நிலையத்தில் வேலை. (பொருத்தமான வேலைதான்!)

நம் ‘பட்டணத்தில் பூதம்’ (1967) திரைப்படத்தில் ஜாவர் சீதாராமனின் பூதம் மனிதர்க்கு ஏவல் செய்யும். இங்கோ பூதங்களே குடித்தனம் நடத்துகின்றன. வேலைக்குப் போகின்றன, பிள்ளையை எண்ணிக் கவலைப்படுகின்றன. தாங்கள் விசித்திரமானவர்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அவ்வீட்டில் மெரிலின் என்றொரு மருமகளும் உண்டு. லில்லியின் உடன்பிறந்தாள் மகள். ஊரார் கண்ணுக்கு அவள் பேரழகி. அவளை நாடி வரும் இளைஞர்கள் ஹெர்மனைக் கண்டதும் தலைதெறிக்க ஓடுவர். வீட்டாரோ, பாவம், இவளுடைய அழகற்ற முகத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறான் என்று உருகுவர். தொடர் முழுதும் திரும்பத் திரும்ப வரும் வேடிக்கை அது. எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஆண்டிறுதித் தேர்வு முடிந்த ஓய்வான நாளொன்றில், என் வகுப்பில் இதை ஒளிபரப்பினேன். ஆங்கில உரையாடலை ஆங்காங்கே நிறுத்தித் தமிழில் விளக்கினேன். ஹெர்மன் தோன்றியதும் வகுப்பு சிரித்தது. பின்னர் நாலைந்து தலைகள் பின்வரிசைப் பக்கம் திரும்பின.

அங்கே அமர்ந்திருந்த மாணவிக்குக் கன்னம் நிறையக் கருமச்சம். பிள்ளைகள் அவளுக்கு இட்டிருந்த பெயர் ‘பேய்’. அவள் முறையிட்டபோதெல்லாம், “கண்டுக்காதம்மா” என்று அனுப்பி வைத்தவள் நான். அவளைத் தேற்றச் சொன்னேனா, என் தலைவலியைக் குறைத்துக்கொள்ளச் சொன்னேனா, அறியேன். இப்போது நானே பேய்க்குடும்பத்தை வகுப்புக்குள் அழைத்து வந்திருந்தேன். நிறுத்திவிடலாமா என்று கை விசைப்பலகைக்குச் சென்றது. நிறுத்தினால் அனைவருக்கும் காரணம் புரிந்துவிடும். விட்டுவிட்டேன்.

மெரிலினின் காட்சி முடிந்ததும் அவள் கை உயர்த்தினாள்.

“டீச்சர், அவங்க வீட்டுல எல்லாரும் மெரிலின் அழகா இல்லன்னுதானே நெனைக்கிறாங்க?”

“ஆமாம்மா.”

“ஆனா யாரும் அவளுக்குப் பட்டப்பேரு வைக்கலியே.”

வகுப்பில் அரவமில்லை. எனக்கும் விடை கிடைக்கவில்லை. அடுத்த காட்சியை ஓடவிட்டேன்.

அந்தப் பட்டப்பெயர் அன்றோடு ஒழிந்துவிட்டது என்று எழுத ஆசைதான், ஒழியவில்லை. மறுவாரம் ஓய்வு நேரத்தில் ஒருவன் மீண்டும் அப்படி அழைத்தான். கோபம் வந்தால் ஹெர்மன் குழந்தையைப் போல் கால்களைத் தரையில் ஓங்கி உதைப்பான், வீடே அதிரும். அவளும் அப்படியே உதைத்து உறுமினாள். அழைத்தவன் அலறி ஓட, மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தனர். அவளும் சிரித்தாள். சிற்றுண்டிச்சாலை மேசைகூடச் சற்று ஆடியது.

கண்டிக்க வேண்டியவள் நான். பயிற்சி நூல்களைத் திருத்துவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.