டங்கென்று கேட்க வேண்டும்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததுமே மாணவி கேள்வித்தாளை எடுத்துவிட்டாள். பன்னிரண்டு கேள்விகள். முதலாவது: "இன்றைய பொருளாதாரச் சூழலில் பீங்கான் தொழில் எதிர்கொள்ளும் சவால்கள் யாவை?" பத்து மதிப்பெண் வினா மாதிரி இருந்தது. பொம்மைக்குப் பிசிறு வழித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்து, "மொதலாளி உள்ள இருக்காரு, அவரைக் கேளும்மா" என்றார். பேட்டி அவ்வளவுதான்.

கல்லூரி வானொலிக்காகப் பேட்டி எடுக்கப் பிள்ளைகளைப் பழக்குவதற்கு என்னை அழைத்திருந்தார்கள். ரெக்கார்டரை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வேலையைப் பாருங்கள் என்றேன்.

பார்க்க நிறைய இருந்தது. பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்தான் இந்த ஊர்த் தொழிலுக்கு ஆதாரம். மற்ற கல்பொடிகளோடு அதைத் தண்ணீர் விட்டு அரைத்தால் கெட்டி மோர்ப் பதத்தில் வருகிறது. அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் வாய்வரை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, உட்சுவரில் மண் ஏடு மாதிரி படிகிறது. போதுமான கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்து வடித்துவிட வேண்டும். எத்தனை நிமிஷம் என்று மாணவி கேட்டாள். அக்கா அச்சின் வாயோரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். வெயில் நாளில் ஒரு கணக்கு, அச்சு சரியாகக் காயாத மழை நாளில் வேறு கணக்கு. கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.

அச்சைப் பிரித்ததும் பிள்ளையார் வந்தார், உள்ளே வெறும் கூடாக. பொருத்துக் கோட்டில் நின்ற பிசிறை அக்கா கத்தியால் வழித்து, ஈரப் பஞ்சால் துடைத்து, காயப் போட்டார். கொலுவுக்குப் போக வேண்டிய சரக்கு.

சூளையிலிருந்து இறங்கிய பொம்மைகளை அவர் விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டினார். டங். டங். அடுத்தது டொக். எங்கள் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அவர் அதை ஓரமாக ஒதுக்கினார். "உள்ள கீறல் இருக்கு சார். வர்ணம் அடிச்சா மறைஞ்சிடும், வாங்கிட்டுப் போறவங்க வீட்லதான் தெரியும்."

"ஒரு நாளைக்கு எத்தனை டொக்கு வரும்க்கா?" என்றாள் மாணவி. தாளில் இல்லாத கேள்வி. ரெக்கார்டரை எப்போது போட்டாள் என்பதை நானே கவனிக்கவில்லை. அக்கா இருபது நிமிஷம் பேசினார், கை நிற்காமல். முன்பு வீட்டுக்கு வீடு மெயின் பலகையில் இருந்த பீங்கான் ஃபியூஸ் கேரியர்களை இந்த ஊரில்தான் செய்து குவித்தார்களாம். புது வீடுகளில் இப்போது சுவிட்சுப் பெட்டி வந்துவிட்டது. கடைசியில், "சூளைக்கு எரிக்கிற எண்ணெ விலை ஏறுனா எங்க கூலிதான் ஏறாம நிக்கும். யாரு கேக்குறா?" என்றார். அது நாற்பது விநாடி. மொத்தப் பேட்டியிலும் அதுதான் டங்.

ஒலிபரப்பில் அந்த நாற்பது விநாடி இல்லை. கல்லூரியில் வெட்டச் சொன்னார்கள். அவர்கள் பயம் புரியாமல் இல்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி தொடங்கியது. ஆனால் இந்தக் கல்லூரி வானொலி போன்ற சமுதாய வானொலி நிலையங்கள் தாமாகச் செய்தியும் அரசியல் சார்ந்த நடப்பு நிகழ்ச்சிகளும் ஒலிபரப்பக் கூடாது என்கிறது விதி. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம். வானிலை, தேர்வு முடிவு, மின்தடை சொல்லலாம். ஒரு தொழிலாளி தன் கூலியைச் சொல்வது அரசியலா என்று நான் கேட்டேன். எதற்கு வம்பு என்றார்கள். விதி மங்கலாக இருந்தால் கத்தரிக்கோல் தானாக நீளும். நான் அந்த வெட்டை ஒப்பவில்லை.

"எப்பம்மா போடுவீங்க? எங்க வீட்ல கேக்குமா?" என்று கிளம்பும்போது அக்கா கேட்டிருந்தார். கேட்காது. சமுதாய வானொலிக்கு 100 வாட்ஸ்தான். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் பெரிது. கல்லூரி அதற்கும் அப்பால் இருக்கிறது.

மாணவி அவர் மகனின் வாட்ஸ்அப்புக்கு ஒலிப்பதிவை அனுப்பினாள். இருபது நிமிஷமும், வெட்டாமல்.