எட்டாம் கட்டளையும் எங்கள் கையெழுத்துப் பத்திரிகையும்

அந்நாளில் கடையநல்லூரில் செய்தித்தாளை வாங்கிப் படிப்போர் குறைவு, கேட்டறிவோரே மிகுதி. மதுரையிலிருந்து தென்காசி செல்லும் பெருஞ்சாலையின் தேநீர்க் கடைகளில் ஒருவர் உரக்கப் படிப்பார். தறிக்குப் போகுமுன் ஒரு தேநீரோடு மற்றவர் கேட்டிருப்பர். சிங்கப்பூரில் மகனையோ மருமகனையோ வைத்திருப்பவர் வெளிநாட்டுச் செய்தியை மறுமுறை படிக்கச் சொல்வார். இசுலாமியப் பெருமக்கள் நிறைந்த ஊர். கத்தோலிக்கராகிய நாங்களோ ஞாயிறு திருப்பலிக்கு வருவோரைப் பெயர் சொல்லி எண்ணிவிடும் அளவில் இருந்தோம்.

எங்களில் நால்வர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் ஒன்று, படியும் ஒன்றே. வெள்ளைத் தாளில் மையால் எழுதி, தலைப்புகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, ஆலயத்தின் முன் திண்ணைச் சுவரில் தொங்கவிடுவோம். விவிலிய வினாவிடை, புனிதர் வரலாறு, 1973-ல் உருவாகி அப்போது இளமையோடிருந்த பாளையங்கோட்டை மறைமாவட்டத்தின் செய்திகள் யாவும் அதில் உண்டு. ஆயினும் எவரும் தேடிப் படித்தது 'நாட்டு நடப்பு' என்ற கடைசிப் பக்கத்தையே. அரசியலையும் விசுவாசத்தையும் பத்திரிகைகளின் போக்கையும் ஒருசேர அலசும் பக்கம் அது. உலகியல் காரியங்களை நற்செய்தியின் ஒளியில் சீர்ப்படுத்துவது பொதுநிலையினரின் கடமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டதல்லவா? அச்சொல்லை எங்களுக்கென்றே கூறியதாக எடுத்துக்கொண்டோம். எங்களில் மூத்தவருக்கு வயது இருபத்திரண்டு.

1981 பிப்ரவரி 19-ஆம் நாள், எங்கள் ஊருக்குத் தென்மேற்கே, பண்பொழிக்கு அருகில் மலையடிவாரத்திலுள்ள மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான பட்டியல் இன மக்கள் ஒரே நாளில் இசுலாத்தைத் தழுவினர். ஊருக்கு ரஹ்மத் நகர் என்ற புதுப்பெயரும் வழங்கலாயிற்று. முதலில் ஏதோ ஒரு மூலைச் செய்தி போலிருந்தது, சில மாதங்களில் நாட்டையே உலுக்கியது. சென்னையிலிருந்தும் தில்லியிலிருந்தும் தலைவர்கள் வந்தனர், நிருபர்கள் வந்தனர், படம் பிடிப்போர் வந்தனர். வளைகுடா நாடுகளின் எண்ணெய்ப் பணம் பாய்கிறது, தலைக்கு இவ்வளவு என்று விலை பேசப்பட்டது என்ற கதை பத்திரிகைக்குப் பத்திரிகை வளர்ந்தது. 1983-ல் நாடெங்கும் நடந்த ஏகாத்மதா யாத்திரைக்குக் காரணம் தேடுவோர் இன்றும் இச்சிற்றூரின் பெயரைத்தான் முதலில் சொல்கின்றனர்.

எங்கள் கடைசிப் பக்கம் சும்மா இருக்குமா? 'விலைபோன ஆன்மாக்கள்' என்று தலைப்பிட்டு எழுதினோம். சிவப்பு மை அன்று சற்று அதிகமாகவே செலவாயிற்று. பணத்துக்கு மதம் மாறுவது யூதாசின் முப்பது வெள்ளிக் காசுக்கு ஒப்பானது என்று எழுதிய வரி எங்களுக்கே மிகவும் பிடித்திருந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்து பலரும் நின்று படித்தனர், பாராட்டினர்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடையநல்லூரிலிருந்து மீனாட்சிபுரத்துக்கு மிதிவண்டியில் போனால் ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். எங்கள் நால்வரிடமும் மிதிவண்டி இருந்தது. குற்றால அருவிக்கு அதைவிட நெடுந்தொலைவு மிதித்துச் சென்றிருக்கிறோம். மீனாட்சிபுரத்துக்குப் போகவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. செய்தித்தாளில்தான் வந்துவிட்டதே!

ஆலயத்துக்கு எதிர்த்தெருவில் தறி வைத்திருந்த பெரியவர் ஒருவர் உண்டு. பாய் என்றே ஊரார் அழைப்பர். சிறுவயது முதல் எங்களுக்கு அவர் 'மாமா'. எங்கள் பத்திரிகை தொங்கும்போதெல்லாம் திண்ணையோரம் நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படிப்பார். எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுவார். அந்த மாதமும் படித்தார். பின்பு எங்களை அழைத்தார்.

"கையெழுத்து முத்துமுத்தா இருக்கு தம்பி. ஒண்ணே ஒண்ணுதான் வெளங்கலை. அரபு நாட்டுப் பணம் மீனாட்சிபுரத்துக்குப் போயிருக்குன்னா நம்ம ஊரைத் தாண்டித்தானே போயிருக்கணும்? இங்க ஒரு சல்லி கூட நிக்கலையே, ஏன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிரித்ததோடு அக்கேள்வியை முடித்துக்கொண்டோம். 'விலைபோன ஆன்மாக்கள்' அடுத்த இதழ் வரும்வரை, முழுதாய் ஒரு மாதம், அவர் வீட்டு வாசலுக்கு எதிரே தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கேள்வியை நாங்கள் அன்றே சிந்தித்திருந்தால் பல கணக்குகள் தெளிவாகியிருக்கும். 1950-ல் பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் இனத்தவர்க்குரிய சலுகைகள் இந்துக்களுக்கு மட்டுமே. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அவை நீட்டிக்கப்பட்டன. இசுலாத்துக்கோ கிறிஸ்தவத்துக்கோ சென்றவர் அவற்றை இழப்பார். தென்காசி மக்களவைத் தொகுதியும் சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதிகள். மதம் மாறியவர் அங்கு வேட்பாளராக நிற்கவும் இயலாது. கல்வி உதவித்தொகை, வேலை ஒதுக்கீடு, அரசியல் இடம் மூன்றையும் இழந்துதான் அம்மக்கள் கலிமா சொன்னார்கள். அவர்களுள் படித்தோரும் அரசுப் பணியில் இருந்தோரும் உண்டு. இழப்பு இன்னதென்று அறியாதவர்கள் அல்லர். எந்தப் பணம் இதற்கு ஈடாகும்? எதை விட்டு ஓடினால் இவ்வளவையும் உதறத் துணிவு வரும்? செய்தித்தாள்களில் பல, வாங்கியவர் யார் என்றே விசாரித்தன. விட்டு வந்தது என்ன என்று விசாரித்தவை மிகச் சில.

நாங்களும் அதைக் கேட்கவில்லை. அதற்கு ஓர் உள்காரணம் உண்டு என்பதை இன்று உணர்கிறோம். அப்போது ஒருமுறை எங்களிடம் வந்த முதிய குருவானவர், கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, "இவ்வளவு பக்கத்தில் நாம் இருந்தும் அவர்கள் ஏன் நம்மிடம் வரவில்லை என்று எழுதியிருக்கலாமே" என்றார். எங்களுக்குச் சுருக்கென்றது. வராததன் காரணம் எங்களுக்குத் தெரியாததா? நெல்லைச் சீமையின் கத்தோலிக்கருக்கு வடக்கன்குளத்தின் கதை தெரியும். ஒரே ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாய் மக்களைப் பிரித்து நிறுத்திய தடுப்பு 1910-ல்தான் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வேளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம்வரை சென்று தோற்றார்கள். அது பழங்கதை என்று சொல்லிவிடவும் முடியாது. 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கத்து எறையூரில் கத்தோலிக்கர் இருசாதியாய் மோதிக்கொண்டு, துப்பாக்கிச் சூட்டில் இரு உயிர்கள் போயின. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஏடு, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. கல்லறைத் தோட்டத்திலும் தனித்தனி இடம் பார்க்கும் நாம், மீனாட்சிபுரத்து மக்களுக்கு எந்தக் கதவைத் திறந்து காட்டியிருப்போம்? எண்ணெய்ப் பணம் என்ற கதை எங்களுக்கும் வசதியாயிருந்தது.

ஓராண்டு சென்றது. 1982 மார்ச் முதல் நாள், குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில், பகவதி அம்மன் கோயிலின் மாசித் திருவிழாவின்போது கலவரம் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் கத்தோலிக்க மீனவர்கள் மாண்டனர். கடலோரமெங்கும் பகை பரவி, குடிசைகள் எரிந்தன. ஊர்விட்டு ஊர் ஓடியவர் பலர். அத்தீயினும் விரைந்து பரவியது வதந்தி. கிறிஸ்தவர்களுக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறதாம். கன்னியாகுமரியைக் 'கன்னிமேரி' ஆக்கப்போகிறார்களாம். மாதா கோயில்களில் ஆயுதமாம். அதே தேநீர்க் கடையில் அதே குரல் அதை உரக்கப் படித்தது. கேட்டிருந்த எங்களுக்கு முகம் எரிந்தது. சென்ற ஆண்டின் சொற்கள்தாம் அவை. பெயர் மட்டுமே மாறியிருந்தது.

மறுநாள் காலை மாமா திண்ணைக்கு வந்தார். மடித்த செய்தித்தாள் ஒன்றை எங்களிடம் நீட்டினார்.

"இதில போட்டிருக்கதை நான் நம்பலை தம்பி. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவ்வளவே. பழைய கட்டுரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. தறிச்சத்தம் தொடங்கிவிட்டதென்று விரைந்து போய்விட்டார்.

அம்மாத இதழில் மண்டைக்காட்டைப் பற்றி நான்கு பக்கம் எழுதினோம். பத்திரிகை தர்மத்தைக் கிழித்துத் தொங்கவிட்டோம். நேரில் வந்து பாராமல் எழுதுகிறார்களே என்று குமுறினோம். மதவேறுபாடு கருதாது சமாதானப் பணிக்கு வந்த குன்றக்குடி அடிகளாரைப் போற்றி எழுதினோம். அது ஒன்றே இன்று நினைத்தாலும் நிறைவு தருவது. சைவ ஆதீனத்தின் தலைவர் ஒருவர் செய்தித்தாளோடு நின்றுவிடாமல் மக்களிடமே போனாரே! ஆனால் 'விலைபோன ஆன்மாக்கள்' பற்றி அந்நான்கு பக்கத்திலும் ஒரு வரி வருத்தம் இல்லை. இடம் போதவில்லை என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். கையால் எழுதும் பத்திரிகைக்கு இடப்பற்றாக்குறை!

மண்டைக்காட்டை விசாரித்த நீதிபதி வேணுகோபால் ஆணையம், கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று பரிந்துரைத்தது. 2002 அக்டோபரில் தமிழக அரசு அத்தகைய அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, வற்புறுத்தல், ஆசைகாட்டல், மோசடி என்ற சொற்கள் அதில் இருந்தன. கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்கள் ஒருநாள் மூடப்பட்டன, உண்ணாநோன்புகள் நடந்தன. நாங்களும் சென்று அமர்ந்தோம். 2004-ல் அச்சட்டம் விலக்கப்பட்டது. ஆசைகாட்டி மாற்றினார்கள் என்ற அதே குற்றச்சாட்டை இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன் நாங்களே சிவப்பு மையில் எழுதியதை அந்தப் பந்தலில் அமர்ந்திருந்தபோது எங்களில் ஒருவர் மெல்ல நினைவூட்டினார். மற்றவர் எவரும் பதில் சொல்லவில்லை.

பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பது எட்டாம் கட்டளை. பொய் சொன்னாயா என்று கேட்டுப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்து பழகியவர்கள் நாம். பொய்யை நம்பினாயா என்று கேட்டுப் பழகவில்லை. 1992-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலோ, இக்கட்டளையின் கீழ் அவதூறுக்கும் புறங்கூறலுக்கும் முன்னதாக வேறொன்றை வைக்கிறது: போதிய ஆதாரமின்றிப் பிறர் குற்றத்தை மனத்துக்குள்ளேனும் மெய்யென ஏற்றுக்கொள்வது. 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்பு பற்றி வெளியிட்ட ஆணையும் எழுதுவோரோடு நிறுத்தாமல், படிப்போர்க்கும் கேட்போர்க்கும் கடமை உண்டென்றது. 2018-ல் திருத்தந்தை பிரான்சிஸ் பொய்ச் செய்தி பற்றிய தம் செய்தியில், ஏவாளிடம் பாம்பு பேசியதையே அதன் முதல் எடுத்துக்காட்டாய்ச் சுட்டினார். பாம்பு சொன்னதில் சிறிது உண்மையும் கலந்திருந்தது. மீனாட்சிபுரத்தில் மதம் மாறியதும் உண்மைதானே.

எங்கள் பத்திரிகை 1983-ல் நின்றுபோயிற்று. மாமா காலமாகிவிட்டார். வருத்தம் தெரிவிக்க வேண்டிய ஒரே வாசகர் அவர். அவரிடம் அதைச் சொல்லாமலே விட்டோம். நால்வரில் ஒருவர் இறைவனடி சேர்ந்தார். ஒருவர் சென்னையில் மகனோடு இருக்கிறார். இங்கே எஞ்சியவர் இருவர். இப்போது தேநீர்க் கடையில் எவரும் உரக்கப் படிப்பதில்லை. அவரவர் கையில் அவரவர் தொலைபேசி. ஆலயக் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. திருப்பலி நேரமும் மரித்தோர் அறிவிப்பும் வரும். நடுநடுவே, பெயரில்லாத யாரோ எழுதியது வரும். அண்மையில் அப்படி ஒன்று வந்தது, அண்டை வீட்டாரின் மதத்தைப் பற்றி. சிவப்பு எழுத்தில் இருந்தது. எங்களுக்கு மிகவும் பழக்கமான நடை.

அன்று மாலை நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்து, மறுநாள் பேருந்து ஏறினோம். மிதிவண்டி மிதிக்கும் வயது தாண்டிவிட்டது. பண்பொழியில் இறங்கி, திருமலைக் குமரன் குன்றைப் பார்த்தபடி சிறிது தூரம் போனோம். வயல்கள், தென்னைகள், அப்பால் மலை. மீனாட்சிபுரம் எல்லா ஊரையும் போன்ற ஓர் ஊர்தான். பள்ளிவாசலருகே இருந்த தேநீர்க் கடையில் அமர்ந்தோம். எங்கள் வயதொத்த ஒருவர் அருகில் வந்து, வெளியூரா என்று விசாரித்தார். கடையநல்லூர் என்றோம்.

"பத்திரிகையா?"

"முன்னொரு காலத்தில்."

"அப்போ எத்தனையோ பத்திரிகைக்காரங்க வந்தாங்க, எழுதினாங்க. நீங்களும் வந்திருந்தீங்களோ?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எழுதினோம்," என்றோம். "வரவில்லை."

அவர் சற்று நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து, கடைக்காரரிடம் இன்னொரு தேநீர் சொன்னார்.